வாயிற் கட்டணமும் வருவோர் மதிப்பும்

ஒரு வீட்டாரின் பண்பை அறிய அடுக்களை வரை செல்ல வேண்டுவதில்லை. திண்ணையிலேயே அது தெரிந்துவிடும். நாடுகளையும் இவ்வாறே அளந்தறியலாம். வருவோரை ஒரு நாடு தன் வாயிலில் எவ்வாறு நிறுத்துகிறது, என்ன வினவுகிறது, எவ்வளவு பொருள் கேட்கிறது, மறுக்க நேரும்போது எம்மொழியில் மறுக்கிறது என்பனவற்றைக் கொண்டே அந்நாட்டின் பண்பாட்டை எடைபோட்டுவிடலாம். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்து வைத்த வள்ளுவரைப் பயிலும் தமிழ்த்துறை மாணவர்க்கு இப்பொருள் அயலானதன்று.

அயல்நாட்டுப் பயணம் செல்வர்தம் பொழுதுபோக்கு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. மகளின் பேறுகாலத்திற்கு உதவச் செல்லும் தாய், ஓய்வு பெற்றபின் பேரக்குழந்தைகளைக் காண விழையும் ஆசிரியர், பட்டமளிப்பு விழாவில் மகனைக் கண்குளிரக் காண விரும்பும் தந்தை ஆகிய அனைவரும் இன்று கடல் கடக்கின்றனர். சட்டத்தின் கண்ணில் இவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியராகவோ குறுகியகால வருகையாளராகவோ கொள்ளப்படுவர். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினரைப் பெற்றிருக்கும் குடும்பங்கள் பலவாகும். ஆதலின் நுழைவிசைவு எனப்படும் விசாவும் அதற்குரிய கட்டணமும் நம் இல்லங்களோடு தொடர்புடைய செய்திகளேயாம்.

கட்டணம் கேட்பது குற்றமன்று. விதி வகுப்பதும் குற்றமன்று. ஆனால் வாயிலைத் திறவாமலேயே வாயிற் கட்டணத்தை வைத்துக்கொள்வது அறமாகாது என்பதே நம் கருத்து. அவ்வறத்தைப் பிறரிடம் வலியுறுத்தும் நாம், அதனை நம் வாயிலிலும் நாட்டல் வேண்டும் என்பது அக்கருத்தின் மறுபாதி.

பழையதோர் ஏற்பாடு

எல்லையில் நிறுத்தி வினவும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. கௌடிலியரின் பொருள்நூல், வழிப்போக்கர்க்கு முத்திரைச் சீட்டு வழங்குவதற்கென்றே ஓர் அதிகாரியைக் குறிப்பிடுகிறது. சீட்டுக்குக் கட்டணம் ஒரு மாஷகம். சீட்டின்றிச் செல்லும் குடிமகனுக்குத் தண்டம் 12 பணம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களின்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதனைப் பட்டினப்பாலை நமக்கு அறிவிக்கிறது. அங்குச் சுங்கம் பேசப்படுவது பண்டத்தை வைத்தே என்பது நோக்கத்தக்கது.

1325ஆம் ஆண்டில் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்டுப் பிற்காலத்தில் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடைப்பட்ட கத்யா என்னும் சாவடியைப் பற்றி எழுதியுள்ளார். உரிய சீட்டின்றி எவரும் அதனைக் கடத்தல் இயலாது. இரவில் மணற்பரப்பைச் சமன் செய்துவிடுவர். காலையில் அம்மணலில் காலடித் தடம் காணப்படின், களவாகக் கடந்தவனைத் தேடிப் பிடிப்பர். ஒற்றரைத் தடுப்பதற்கும் மக்களின் உடைமையைக் காப்பதற்குமே இவ்வேற்பாடு என அவர் காரணமும் கூறுகிறார். மணலின் இடத்தை இன்று கணினி பெற்றிருக்கிறது. நோக்கம் பெரிதும் மாறவில்லை.

எனினும், ஒவ்வொரு மனிதனும் கையில் ஏடு ஒன்றை ஏந்தி உலகெங்கும் நிற்க வேண்டும் என்னும் நிலை இருபதாம் நூற்றாண்டின் படைப்பேயாகும். முதல் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டின்றியே பயணம் செய்ய முடிந்தது. போர்க்கால அச்சத்தில் கொணரப்பட்ட கட்டுப்பாடு, போர் ஓய்ந்த பின்னும் ஓயவில்லை. 1920இல் நாடுகளின் கழகம் பாரிசு நகரில் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவத்தை வகுத்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் நுழைவுக்கான கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பெற்றது.

நம் கடற்கரையின் கதையும் இதனையே காட்டும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டைக் கொண்டு தனுஷ்கோடி வரை தொடர்வண்டியிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அங்கிருந்து மீண்டும் தொடர்வண்டியிலுமாகக் கொழும்பை அடையலாம். அந்நாளைப் பொற்காலம் என்று புகழ்வதும் பொருந்தாது. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின் பெயரால் அடைத்து வைக்கப்பட்டனர் என்பதும் அதே வழியின் வரலாறு. 1948இல் இலங்கை இயற்றிய குடிவரவுச் சட்டம் இவ்வழியில் முறையான கதவொன்றை அமைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் அவ்வழியையே அழித்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விடப்பட்டபோது, அறுந்த இழையொன்று மீண்டும் முடியப்பட்டது.

புறப்பட உரிமை, புகுவதற்கு அருள்

இங்குச் சட்டத்தின் ஒரு நுட்பத்தை மாணவர் உணர்தல் நன்று. ஐக்கிய நாடுகள் அவை 1948இல் வெளியிட்ட உலக மனித உரிமைப் பேரறிக்கையின் 13ஆம் பிரிவு, எந்நாட்டிலிருந்தும் வெளியேறவும் தன் நாட்டிற்குத் திரும்பவும் ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டென்கிறது. பிற நாட்டிற்குள் புகும் உரிமையை அது கூறவில்லை. நம் உச்சநீதிமன்றமும் 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கிலும், 1978இல் மேனகா காந்தி வழக்கிலும், அயல்நாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையுள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆக, நம் வாயிலைக் கடந்து செல்வது நம் உரிமை. அயலார் வாயிலினுள் புகுவதோ அவர்தம் அருள். உரிமைக்கும் அருளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியிலேதான் விண்ணப்பமும் வரிசையும் கட்டணமும் நிற்கின்றன.

அருளை நாடி நிற்பவரிடம் கேட்கப்படுவன யாவை? வங்கிக் கணக்கு அறிக்கை, வருமானவரிப் படிவம், பணிச்சான்று, விடுப்புச் சான்று, தங்குமிடப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, அழைப்போர் கடிதம், கைரேகை எனப் பட்டியல் நீள்கிறது. ஐரோப்பாவின் செங்கன் உடன்பாட்டு நாடுகள் இவற்றோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியையும் கேட்கின்றன. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214ஆம் பிரிவோ, சுற்றுலா விசா கோருபவர் அங்கேயே குடியேற எண்ணுபவர் என்று முதலில் கருதிக்கொள்கிறது. அவ்வெண்ணம் தமக்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவரையே சார்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்க்குக்கூட மெய்ப்பிக்கும் பொறுப்பு இல்லை என்பது நீதிமன்ற மரபு. பேரனைக் காணச் செல்லும் பாட்டிக்கு அச்சலுகை இல்லை.

கட்டணத்தின் கணக்கு

செங்கன் நாடுகள் இன்று இருபத்தொன்பது. 1985இல் லக்சம்பர்க்கின் செங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்பாடு, தம்முள் எல்லைக் காவலை நீக்கிக்கொண்டதோர் அரிய முயற்சி. ஒரு விசா பெற்றால் இருபத்தொன்பது நாடுகளையும் காணலாம் என்பது அதன் சிறப்பு. அதற்குரிய கட்டணம் 2020 பிப்ரவரியில் 60 யூரோவிலிருந்து 80 ஆகவும், 2024 ஜூனில் 90 ஆகவும் உயர்த்தப்பட்டது. விண்ணப்ப மையங்களின் சேவைக் கட்டணம் இதற்குப் புறம்பு. அமெரிக்கச் சுற்றுலா விசாவின் கட்டணம் 2023 ஜூனில் 160 டாலரிலிருந்து 185 டாலராயிற்று. பிரித்தானியாவின் ஆறுமாத வருகை விசா 2025 ஏப்ரலில் 115 பவுனிலிருந்து 127 பவுனாயிற்று.

இவ்வெண்களை நம்மவர் உழைப்பைக் கொண்டு அளந்து பார்த்தல் தகும். 90 யூரோ என்பது ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்திற்கு 2025-26ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அக்கூலி பெறும் ஒருவர், உண்ணாமலும் உடுத்தாமலும் இருபத்தேழு நாள் உழைத்தால்தான் ஒரு விண்ணப்பத்திற்குரிய தொகையைச் சேர்க்க முடியும். அவர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கவா போகிறார் என்று சிலர் வினவலாம். கூலி பெறுபவரின் மகள் கல்வியால் உயர்ந்து அயல்நாட்டில் பணிபுரிவதும், பெற்றோரைத் தன்பால் அழைப்பதும் நம் கல்லூரிகள் கண்டு மகிழும் காட்சியன்றோ?

கட்டணம் மிகுதி என்பதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கலாகாதது வேறொன்று. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அக்கட்டணம் திரும்பி வருவதில்லை. 2024ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து செங்கன் நாடுகளுக்குச் சென்ற விண்ணப்பங்கள் ஏறத்தாழ பதினொரு இலட்சம். அவற்றுள் மறுக்கப்பட்டவை ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரத்திற்கும் மேல். கட்டண விலக்குப் பெற்றோரை நீக்கிக் கணக்கிட்டாலும், வாயிலைக் காணாமலே நம்மவர் செலுத்திய தொகை ஒரு கோடி யூரோவுக்குக் குறையாது. நூறு கோடி ரூபாயைத் தொடும் இத்தொகையில் ஒருவரும் ஒரு தெருவைக்கூடக் காணவில்லை.

"ஏற்பினும் மறுப்பினும் அலுவலரின் உழைப்பு ஒன்றுதானே? அவ்வுழைப்பிற்குரிய கூலியே இது" என்பது தூதரகங்களின் தரப்பில் கூறப்படும் வாதம். இதனை நாம் முற்றும் தள்ளிவிடவில்லை. விண்ணப்பத்தைப் படிப்பதற்கும் பதிவதற்கும் செலவு உண்டு. ஆயின் இதற்கு மாறான வழியும் உலகில் நடைமுறையிலிருக்கிறது. ஜப்பான் நாட்டு விதிப்படி விசாக் கட்டணம் இசைவு வழங்கப்படும்போதுதான் பெறப்படுகிறது, மறுக்கப்பட்டால் அக்கட்டணமில்லை. அமெரிக்காவில் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் 250 டாலர் கூடுதல் கட்டணம் ஒன்றுக்கு வழிவகுத்துள்ளது. அதுவும் விசா வழங்கப்படும்போது பெறப்படுவதற்கே உரியது. நிபந்தனை பிறழாது ஒழுகியவர்க்கு அதனைத் திருப்பித் தரவும் அச்சட்டமே இடமளிக்கிறது. ஆகவே திருப்பித் தருதல் இயலாததன்று. மனம் வைத்தலே வேண்டுவது.

நற்கட்டணமும் தீக்கட்டணமும்

எல்லாக் கட்டணமும் தீதென்பது நம் கருத்தன்று. பூடான் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1974இல்தான் அந்நாடு அயல்நாட்டுப் பயணியர்க்குத் தன் கதவைத் திறந்தது. மலையும் காடும் கூட்டத்தால் சீரழியலாகாது என்பதில் அது தொடக்கமுதல் உறுதி காட்டி வந்துள்ளது. நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்னும் பெயரில் ஓர் இரவுக்கு 200 டாலர் என 2022 செப்டம்பரில் விதித்தது. பயணியர் குறையவே 2023 செப்டம்பரில் அதனை 100 டாலராகக் குறைத்தது. இந்தியர்க்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் மட்டுமே. தொகை பெரிதே எனினும், எதற்காகப் பெறப்படுகிறது என்பதும், நாட்டின் கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் ஆகியவற்றிற்கே அது செல்லும் என்பதும் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன. செலுத்துபவர் வாயிலுக்குள் செல்கிறார் என்பது அதனினும் முதன்மையானது.

இத்தாலியின் வெனிசு நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ பெறத் தொடங்கிற்று. தங்கிச் செல்வோர்க்கு இக்கட்டணம் இல்லை. அவர்கள் தங்கல் வரி செலுத்துகின்றனர். பாலித் தீவு 2024 பிப்ரவரி முதல் அயல்நாட்டார் ஒவ்வொருவரிடமும் ஒன்றரை இலட்சம் இந்தோனேசிய ரூப்பியாவைப் பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கென்று பெறுகிறது. இவையெல்லாம் விருந்தினர் மிதிக்கும் மண்ணைப் பேணுவதற்கான பங்குப்பணம். விருந்துண்டவர் இலையை எடுத்துப் போடுவதில் இழுக்கொன்றுமில்லை.

பெயரை மாற்றிப் பெறப்படும் கட்டணமும் உண்டு. கென்யா நாடு, 2024 சனவரி முதல் எவர்க்கும் விசா வேண்டியதில்லை என அறிவித்தது. உலகம் மகிழ்ந்து முடிக்குமுன்பே, மின்னணுப் பயண அனுமதி என்னும் பெயரில் முன்விண்ணப்பமும் 30 டாலர் கட்டணமும் வந்து நின்றன. வாயிலை அகற்றிவிட்டோம் என்று கூறி அதே இடத்தில் வேலியை நட்டால், வருவோர்க்கு வேறுபாடு தெரிவது அரிது.

அண்டை நாடாகிய இலங்கையின் பட்டறிவும் நமக்குப் பாடமாகும். 2023இன் இறுதியில் அந்நாடு இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டினர்க்கு விசாக் கட்டணத்தை நீக்கிற்று. 2024 ஏப்ரலில் மின்னணு விசாப் பணி அயல்நாட்டுத் தனியார் கூட்டமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. பயணியர் செலுத்தும் தொகை உயர்ந்தது. அந்நாட்டு மக்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினர்; வழக்குத் தொடுத்தனர். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அவ்வேற்பாட்டை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. வருவோர் செலுத்தும் கட்டணத்திற்காக உள்நாட்டவர் நீதிமன்றம் ஏறிய இச்செயல் போற்றுதற்குரியது.

நம் வாயிலில் நிற்போர்

பிறர் வாயிலைக் குறைகூறும் நாம், நம் வாயிலையும் திரும்பிப் பார்த்தல் முறை. 2014 நவம்பரில் இந்தியா மின்னணு விசா முறையைத் தொடங்கியது பாராட்டத்தக்க சீர்திருத்தம். முப்பது நாள் சுற்றுலா இசைவுக்குப் பல நாட்டினர்க்கும் வகுக்கப்பட்ட கட்டணம், பயணியர் குறைந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களில் 10 டாலர்; ஏனைய மாதங்களில் 25 டாலர். தொகை எளிது. ஆயினும் மறுக்கப்பட்டால் நாமும் அதனைத் திருப்பித் தருவதில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண இந்தியர்க்கு 40 ரூபாய். அயல்நாட்டார்க்கு 600 ரூபாய். தாஜ்மகாலின் வாயிலில் இந்தியர்க்கு 50 ரூபாய். அயல்நாட்டார்க்கு 1100 ரூபாய். இந்நாட்டார் வரி செலுத்துவோர். ஆதலின் வேறுபாடு முறையே என்பது ஒரு விடை. அவ்விடையில் நியாயம் உண்டு. ஆனால் பதினைந்து மடங்கும் இருபத்திரண்டு மடங்கும் எக்கணக்கில் வந்தன என்று அயல்நாட்டு மாணவர் ஒருவர் வினவினால், நாம் காட்டத்தக்க கணக்கு என்ன? பெறப்படும் தொகையால் என்னென்ன பணி நடந்தது என்று அவ்வாயிலிலேயே பலகை ஒன்று நாட்டப்படுமாயின், செலுத்துபவர்க்கு மனக்குறை தோன்றாது.

மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. போலிச் சான்றுகளைப் புனைந்து தரும் இடைத்தரகர்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. சுற்றுலா விசாவில் சென்று காலங்கடந்து தங்கி மறைவாகப் பணிபுரிவோரும் உளர். ஒருவர் செய்யும் இப்பிழைக்கு ஊரார் அனைவரும் ஐயத்தைக் கூலியாகப் பெறுகின்றனர். தூதரகத்தின் கடுமையை நாம் கண்டிக்கும்போது, அக்கடுமைக்கு நம்மவரும் ஓரளவு எரிபொருள் இட்டனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வேண்டுவன நான்கு

முதலாவது, மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் கட்டணத்தில் அலுவற்செலவு போக எஞ்சியதைத் திருப்பித் தருதல். இந்திய அரசு பிற நாடுகளோடு பேச்சு நடத்தும்போதெல்லாம் வணிகத்தோடு இதனையும் ஒரு பொருளாக முன்வைத்தல் வேண்டும். மின்னணு விசாவில் தானே முதற்கண் செய்து காட்டினால் அக்குரலுக்கு வலிமை பிறக்கும்.

இரண்டாவது, மறுப்பிற்குத் தெளிவான காரணம். செங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு, காரணத்தை எழுத்தில் தரவும் மேல்முறையீட்டிற்கு வழி காட்டவும் பணிக்கிறது. அச்சிட்ட படிவத்தில் கட்டமொன்றைக் குறியிட்டு அனுப்புவதோடு அது பெரிதும் நின்றுவிடுகிறது. எச்சான்று குறைவு என்பதை ஒரு வரியில் எழுதினால், விண்ணப்பித்தவர் அக்குறையை நீக்கிக்கொள்வார்.

மூன்றாவது, கட்டணம் முழுவதையும் ஒரே இடத்தில் ஒரே தொகையாக அறிவித்தல். விசாக் கட்டணம், சேவைக் கட்டணம், அஞ்சல் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் எனத் துண்டு துண்டாகக் கூறி, இறுதியில் பெருந்தொகையாக்குவது நேர்மையான வணிகருக்கும் தகாது. அரசுகளுக்கு அறவே தகாது.

நான்காவது நம் கடமை. கல்லூரி ஒவ்வொன்றிலும் பயண வழிகாட்டும் சிறு பிரிவொன்று அமைதல் நன்று. தூதரகங்களின் அதிகாரமுறை அறிவிப்புகளை நேரே படித்து, படிவங்களைத் தமிழில் விளக்கி, முதியோர்க்கு நிரப்பித் தரும் பணியை மாணவர் மேற்கொள்ளலாம். விசாவே வேண்டாத வாயில்களையும் எடுத்துக்காட்டலாம். மாலத்தீவு வருவோருள் பெரும்பாலார்க்கு முப்பது நாள் இசைவைக் கட்டணமின்றி வழங்குகிறது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்க்கு முப்பது நாள் வரை விசா விலக்கு அளித்து வந்துள்ளது. இவ்வறிவிப்புகள் அடிக்கடி மாறும் இயல்பின; ஆதலின் புறப்படுமுன் அந்நாளைய நிலையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. இவ்வுதவி ஒன்று இருந்தாலே, ஆயிரக்கணக்கில் இடைத்தரகர்க்குச் செல்லும் பணம் ஏழைக் குடும்பங்களில் தங்கும்.

எல்லையே வேண்டா என்று நாம் கூறவில்லை. கதவில்லா வீட்டில் எவரும் உறங்கார். கதவைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் வீட்டாருக்கு உரிமை உண்டு. ஆனால் தட்டுவதற்கே கூலி பெற்று, திறவாமல் அனுப்பி, அக்கூலியையும் வைத்துக்கொள்ளும் வழக்கத்திற்கு எந்த ஊர் அறத்திலும் இடமில்லை. கணியன் பூங்குன்றனார் பிறந்த மண்ணினர் இதனை உலக அவைகளில் எடுத்துரைக்கும் தகுதி பெற்றவர்கள். அத்தகுதி நிலைக்க வேண்டுமாயின், நாளை நம் வாயிலில் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் ஓர் ஆப்பிரிக்க மாணவரோ இலங்கை முதியவரோ, உள்ளே அழைக்கப்படினும் அழைக்கப்படாவிடினும், மதிக்கப்பட்டோம் என்னும் நிறைவோடு செல்லுதல் வேண்டும். அதற்கான சட்டத்தைக் கேட்டுப் பெறுவது பெரியோர் பொறுப்பு. அதற்கான பண்பை வளர்ப்பது கல்விக்கூடங்களின் பொறுப்பு.